மிஸி பேசிய பஸ்

செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அவிசாவளையிலிருந்து தெரணியகலைக்கு வரும் பிற்பகல் பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கைபேசியில் மிஸியின் மகள் யாமினியின் பெயர் தெரிந்தது. எடுத்தேன். "கலை அக்கா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

"ஐயோ மிஸி! என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று நான் கத்தியதில் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி, யாரென்றே தெரியாத என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நான் இறங்கும் வரை அவர் அதை விடவில்லை.

அந்த பஸ்ஸில் நான் தமிழில் கத்தினேன் என்பது வாசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தியாகவே தோன்றாது. தமிழ்க்காரி தமிழில்தானே அழுவாள் என்பீர்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் இதே செய்தி இதே பஸ்ஸில் வந்திருந்தால், நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்து, தோட்டத்து எல்லையில் இறங்கிய பிறகுதான் அழுதிருப்பேன். நடுவில் நடந்தது என்ன என்பதைச் சொன்னால் சரோஜா மிஸி யார் என்பதையும் சொன்னதாகிவிடும்.

மிஸி எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவமாது. நர்ஸோ மருத்துவிச்சியோ, எல்லோரையும் இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகள் யாமினிகூடச் சில வேளைகளில் அம்மா என்று சொல்ல மறந்து மிஸி என்பார். இருபத்தெட்டு வருடம் எங்கள் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றிலும் அவர் பிரசவம் பார்த்தார். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அவர் பிறக்க வைப்பார், நான் வாங்கித் தூங்க வைப்பேன். எங்கள் நட்பு அப்படித் தொடங்கியது.

கருமாதிக்கு ஒரு சிறு நினைவு ஏடு அச்சிடப் போவதாகவும், அதில் நான்தான் எழுத வேண்டும் என்றும் யாமினி சொன்னார். பிள்ளைக்காம்பராப் பதிவேட்டில் 'இன்று வந்த பிள்ளைகள்' என்று எழுதிப் பழகிய கை இது. குறைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஸியிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. பாசி நிறம். வேலைக்காக வாங்கியது. பின்னால் பொருத்திய பெட்டியில் குழந்தைகளை நிறுக்கும் தராசும் மற்றச் சாமான்களும் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, காலிப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார்.

"கலை, இந்தப் பெட்டியில இனி என்னத்த வைக்கிறது?"

"ரொட்டி வைங்க மிஸி" என்றேன். அவர் முகம் வாடிக் கிடந்ததால் சும்மா கேலிக்காகச் சொன்னது.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலை ஐந்தரைக்கு வாசலில் ஹார்ன் சத்தம். மிஸி ஹெல்மட்டோடு உட்கார்ந்திருந்தார். கையில் இன்னொரு ஹெல்மட். "ரொட்டி வச்சிட்டேன். தொட்டுக்கக் கட்டச் சம்பலும் இருக்கு. ஏறு."

"எங்க மிஸி?"

"ரோடு எங்க போகுதோ அங்க. இருபத்தெட்டு வருசமா எவளுக்கு வயித்து வலி வருமோன்னு ஒரு மணி நேரத் தூரம் தாண்டிப் போனதில்ல. இந்தத் தீவு ரொம்பச் சின்னதாம். வரைபடத்துல பாத்தேன். நான் அதுல கால்வாசிகூடப் பாக்கல."

நான் ஏறினேன். வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் செய்த ஒரே அடாவடி அதுதான் என்று அவர் இப்போதும் சொல்லிக் காட்டுவார்.

தேயிலை முடிந்து றப்பர் தொடங்கும் வளைவில் பனி அவ்வளவு அடர்த்தியாக இருந்தது. எனக்கு மிஸியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவருக்காவது சாலை தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதுக்கை, ஹொரணை என்று ஊர்கள் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போயின. விகாரைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடையில் கைகளில் பூவோடு சாலையோரம் நடந்தார்கள். பனிக்குள் ஆட்கள் தெரியவில்லை, பூக்கள் மட்டும் தாமாக நடந்து போயின. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது காற்றில் உப்பு வாசம் வந்தது, ஸ்கூட்டர் நின்றிருந்தது, முன்னால் கடல். பாணந்துறை.

மிஸி ஹெல்மட்டைக் கழற்றாமலே தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் அளவு நீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் ஹெல்மட்டோடு நின்றார்.

"அதக் கழட்டுங்க மிஸி. மீனெல்லாம் பயப்படுது."

"இரு புள்ள. உள்ளுக்குள்ள ஒரு சத்தம் கேக்குது. நீயும் போட்டுக்கிட்டு வா."

போட்டுக்கொண்டு போனேன். உண்மைதான். ஹெல்மட்டுக்குள் கடல் மிகத் தூரத்திலிருந்து, வேறு யாரையோ கூப்பிடுவது போலக் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. கரையில் ஐஸ்கிரீம் விற்றவர் எங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓய்ந்து, தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று மாலை மிஸி ஒரு காரியம் செய்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புதிய பிரசவ அட்டைகள் வந்ததும் பழையவற்றைத் தூக்கி எறியச் சொல்லியிருந்தார்கள். அவர் எறியவில்லை, ஒரு கட்டு வீட்டில் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து, வேலைக் காலத்தில் எழுதிய அதே கவனத்தோடு எழுதினார். 'பெயர்: கடல். பிறந்த இடம்: பாணந்துறை. எடை: தராசு போதவில்லை. பிறந்ததும் அழுததா: இன்னும் நிறுத்தவில்லை. குறிப்பு: தாயும் சேயும் நலம்.'

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் அட்டை. 'பிறந்ததும் அழுததா' என்ற இடத்தை மட்டும் நன்றாக யோசித்து எழுதுவார். ஒரு முறை காரணம் கேட்டேன். "அழுற புள்ளைக்கு நான் பயந்ததே இல்ல கலை. சத்தம் போடாத புள்ளதான் என் கையை நடுங்க வைக்கும். அது ஒரு தடவ கத்துற வரைக்கும் எனக்கு மூச்சு வராது" என்றார்.

ஸ்கூட்டரில் போகும்போது நாங்கள் பேசிக்கொண்டே போவோம். பேசுவது என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. காற்றிலும் ஹெல்மட்டிலும் ஒன்றும் கேட்காது, ஆகவே தொண்டை கிழியக் கத்துவோம். மாமியார் கதை, மருமகள் கதை, எந்தப் பிள்ளை யார் ஜாடை என்ற கதை. எல்லாம் தமிழில், நாட்டின் பிரதான வீதிகளில். சாலையோரத்தில் நிற்கிறவர்கள் அரை வசனம் கேட்பார்கள், அதற்குள் நாங்கள் போய்விடுவோம். பாதியில் விட்ட அந்த வசனங்களெல்லாம் அங்கங்கே இன்னும் கிடக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பிறகு நாட்டில் பெட்ரோலே இல்லாத வருடம் வந்தது. ஸ்கூட்டரைப் பழைய சேலையால் போர்த்தி வைத்துவிட்டு மிஸி இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது போயாவுக்கு, "கலை, பஸ் ஓடுதுதானே" என்றார்.

அப்போதுதான் அவர் அந்த விதியைக் கண்டுபிடித்தார். அவிசாவளை பஸ் நிலையத்தில் பெயர்ப் பலகையைப் பார்க்கக் கூடாது. உட்கார இடத்தோடு முதலில் வரும் தூர பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். எங்கே போகிறது என்பதை ஏறிய பிறகுதான் கேட்க வேண்டும். கடைசி வரை போக வேண்டும்.

கண்டக்டர்கள் குழம்பிப் போவார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்பார்கள். "மே பஸ் எக்க கொஹாட்டத யன்னே மல்லி?" இந்த பஸ் எங்கே போகுது தம்பி என்று மிஸி அசல் சிங்களத்தில் திருப்பிக் கேட்பார். ஒரு கண்டக்டர் நாங்கள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் என்றே முடிவு கட்டி, இரத்தினபுரி வரும் வரை குடும்ப ஒற்றுமை பற்றி எங்களுக்குப் பிரசங்கம் செய்தார். மிஸி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இறங்கும்போது கண்டக்டர் காலில் விழாத குறைதான்.

அப்படித்தான் ஹட்டனும் பலாங்கொடையும் எம்பிலிபிட்டியவும் எங்களுக்கு அட்டைகளாயின. பஸ் பயணத்தில் ஒரு மயக்கம் உண்டு. ஜன்னலில் ஒரு குளம் வரும், அதில் ஒரு கொக்கு நிற்கும், கண்ணை மூடித் திறந்தால் மலை. நேற்று வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்தானா நான் என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஆனால் ஒன்று. ஸ்கூட்டரில் ஊரையே எழுப்பிய மிஸி, பஸ் படியில் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார். நான் ஏதாவது தொடங்கினால் கண்ணாலே அடக்குவார். பிறகு காதருகே மிக மெல்ல, "வீட்ல போயி பேசிக்கலாம்" என்பார். பேசியே ஆக வேண்டும் என்றால் சிங்களத்தில் பேசுவார், நானும் அப்படியே பதில் சொல்வேன். இந்தப் பக்கத்தில் தமிழ்க்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர். கடையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசுவதை நாங்கள் பயம் என்று நினைப்பதில்லை, பழக்கம் என்றுதான் சொல்வோம். மிஸிக்கு அது பழக்கத்துக்கும் மேலே ஏதோ என்று மட்டும் எனக்குப் பட்டது. நான் தமிழில் வாயெடுத்தால், அவருடைய கை தானாக அவர் வாய்க்குப் போகும்.

காரணத்தை அவர் நிவித்திகலவுக்குப் போன அன்று சொன்னார். பெட்ரோல் மறுபடி கிடைத்து, ஸ்கூட்டர் போர்வையை விட்டு வெளியே வந்திருந்தது. அவர் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். ஊருக்கு முன்னால் ஒரு பழைய பஸ் தரிப்பிடத்தருகே வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். சுற்றிலும் றப்பர் மரங்கள், இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், வேறு சத்தம் இல்லை.

"இங்கதான் ஏறினோம். எனக்குப் பன்னெண்டு வயசு. கலவரத்துல லயத்த எரிச்சிட்டாங்க. ரெண்டு நாள் இந்த றப்பருக்குள்ளதான் கெடந்தோம். மூணாம் நாள் அப்பா என் கையைப் புடிச்சு பஸ்ல ஏத்தினாரு. ஏறி ஒக்காந்ததும் உள்ளங்கையால என் வாயைப் பொத்தினாரு. இரத்தினபுரி வர்ற வரைக்கும் எடுக்கல. கையெல்லாம் றப்பர் பால் வாசம். 'பஸ்ல வாயத் தொறக்காத தாயி. வீட்ல போயி பேசிக்கலாம்'னாரு."

ஹெல்மட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த வீட்டுக்குப் போயி பேசறது? வீடுதான் எரிஞ்சு போச்சே. அத அவர்ட்ட நான் கேக்கவே இல்ல கலை."

ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். அன்றைய அட்டையில் 'பிறந்ததும் அழுததா' என்ற இடத்தை அவர் நிரப்பவில்லை.

இனிப் பொத்துவில். மிஸியைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஏறிய பஸ் மொனராகலை போயிற்று. அங்கே தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். அது பொத்துவில் பஸ். வழியில் லாகுகலைக் காட்டோரக் குளத்தில் யானைகள் காதை ஆட்டாமல் நின்றன. யாரோ நிறுத்தி வைத்துவிட்டு மறந்து போனவை போல நின்றன. பஸ்ஸில் எவரும் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொத்துவிலில் இறங்கி ஒரு சின்னச் சோற்றுக் கடைக்குள் போனோம். நடத்தியவர் ஒரு பெண்மணி. மிஸி பழக்கப்படி சிங்களத்தில் சோறு கேட்டார். அவரும் சிங்களத்தில் பதில் சொன்னார், கொஞ்சம் தட்டுத் தடுமாறி. மீன் என்ன மீன், எத்தனை பிள்ளைகள், மழை உண்டா என்று முக்கால் மணி நேரம் மூவரும் சிங்களத்திலேயே பேசினோம். அந்தப் பெண்மணிக்கு நெற்றியில் வியர்த்தது. அடுப்பு வெக்கை என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பூனை, பொரித்த மீன் தட்டில் வாய் வைத்தது.

"அடி கழுத! மீனத் தூக்கிட்டு ஓடுது!" என்று கடைக்காரப் பெண் கத்தினார்.

"அந்தா! அலுமாரிக்குக் கீழ! அந்தக் கட்டைய எடுங்க!" என்று மிஸி எழுந்து நின்று கத்தினார்.

பிறகு யாரும் அசையவில்லை. பூனை மட்டும் அலுமாரிக்குக் கீழே நிதானமாகச் சாப்பிட்டது.

"நீங்க தமிழா?" என்றார் அந்தப் பெண். "அப்ப ஏங்கா இவ்வளவு நேரமும் என்னப் பாடாப்படுத்தினீங்க? எனக்கிருந்த சிங்களம் முழுக்க முடிஞ்சு போச்சு!"

நான் சிரித்தேன். அவர் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் பார்த்தால் மிஸி அழுதுகொண்டிருந்தார். அந்தப் பெண்மணி பயந்துபோய் இன்னும் இரண்டு மீன் துண்டு வைத்தார், காசு வேண்டாம் என்றார், பூனையைத் திட்டினார். மிஸி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா. காரம்" என்றார்.

அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். திரும்பும் பஸ்ஸில் சியம்பலாண்டுவ வரை மிஸி என்னோடு தமிழில் பேசிக்கொண்டு வந்தார். மொனராகலை நெருங்க நெருங்கச் சத்தம் குறைந்தது. பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது பழைய மிஸியாகிவிட்டார். அன்று வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அங்கிட்டுப் போயி பேசறது பெரிய காரியம் இல்ல. நம்ம தெரணியகலை பஸ்ல ஒரு தடவ நான் தமிழ் பேசணும் கலை. சத்தமா. சாகுறதுக்குள்ள ஒரு தடவ."

அப்போது அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. ஏதோ பேச்சுக்குச் சொன்ன சொல் என்றே இருந்துவிட்டேன்.

முயற்சி செய்தார். நான் சாட்சி. ஒரு முறை வீட்டிலிருந்தே ஒரு வசனத்தைத் தயார் செய்துகொண்டு வந்தார். 'இன்னைக்கு நல்ல மழை.' பஸ்ஸில் ஏறினால் பட்டை உரிக்கும் வெயில். இன்னொரு முறை, "கலை..." என்று தொடங்கினார். முன்னால் இருந்த ஒருவர் தற்செயலாகத் திரும்பினார். உடனே "வத்துர தியெனவாத?" தண்ணீர் இருக்கிறதா என்று சிங்களத்தில் முடித்தார். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். தாகம் இல்லாமலே தண்ணீரை முழுக்கக் குடித்தார். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அவர் சிரிப்பு எனக்கு முன்பே முடிந்துவிடும்.

ஒரு நாள் மாவனல்லையில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. கடைத் தெருவில் ஒரு கராஜில் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்துக் கடை முதலாளி, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றழைக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், கண்டி வீதியின் இரைச்சலுக்கு மேலே கைபேசியில் தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார். மிஸி வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தார். அவர் கூச்சப்பட்டு, "என்ன அக்கா, ஏதும் வேணுமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம் நானா. நீங்க பேசுங்க. கேக்க நல்லா இருக்கு."

அவர் கைபேசியை ஒரு தரம் பார்த்தார், மிஸியை ஒரு தரம் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

சென்ற வருடக் கடைசியில் நோய் தெரிந்தது. ஓர் ஆயுள் முழுக்க மற்றவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னவருக்குத் தம் வயிற்றில் இருந்தது தெரியாமல் போயிற்று. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. யாமினி வேன் பிடிக்கிறேன் என்று கெஞ்சுவார். மிஸி கேட்கவில்லை. "பஸ்லதான் போவேன். எனக்குப் பஸ்ல ஒரு வேலை மிச்சமிருக்கு" என்பார். மகளுக்கு அது விளங்காது. எனக்கு விளங்கும். ஸ்கூட்டரில் என் கண்ணுக்குச் சாலையையே முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்த மிஸியை, பஸ்ஸில் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு போவேன். உடம்பில் எடையே இருக்காது.

போன மாதம், இனி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். நல்லவர், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மிஸி அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அவிசாவளையில் தெரணியகலை பஸ் ஏறினோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், நல்ல கூட்டம். யாரோ எழுந்து மிஸிக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள், பக்கத்தில் எனக்கும் கிடைத்தது. பஸ்ஸில் சிங்களப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெஹியோவிட்ட தாண்டியதும் பாட்டு நின்றது. டிரைவர் எதற்காகவோ அணைத்தார். அந்த அமைதியில் மிஸி வாயைத் திறந்தார்.

"கலை! வீட்டுக்குப் போனதும் எனக்கு ரெண்டு ரொட்டி சுடு. கட்டச் சம்பல் நல்லாக் காரமா இருக்கணும், சொல்லிட்டேன்!"

பிரசவ அறையில் 'முக்கு, இன்னும் முக்கு' என்று போடும் அதே சத்தம். முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் திரும்பினார். நான் மிஸியின் கையை இறுகப் பற்றினேன்.

அந்தப் பெண் சிங்களத்தில், பிள்ளைக்குத் தடிமன், ஜன்னலைக் கொஞ்சம் சாத்த முடியுமா என்று கேட்டார்.

"சரிம்மா. சாத்துறேன்" என்றார் மிஸி, தமிழில். சாத்தினார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். டிரைவர் வேறு பாட்டுப் போட்டார்.

மிஸி என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மிஸி."

"இதுக்கா நாப்பது வருசத்துக்கு மேல?"

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம். வெறும் கோபம். யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அது மெல்ல இறங்கியது. "அப்பா மேல தப்பில்ல. அன்னைக்கு அவர் பொத்தலன்னா நான் இன்னைக்கு இல்ல. கைய எடுக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஒரு பக்கம் சீதாவக்க ஆறு, மறுபக்கம் றப்பர் மரங்கள். ஒவ்வொன்றாகப் பின்னால் போக, மிஸி பேசினார். அப்பாவைப் பற்றி, செத்துப்போன தம் வீட்டுக்காரரைப் பற்றி, பாணந்துறைக் கடலைப் பற்றி, பொத்துவில் பூனையைப் பற்றி. மூச்சு வாங்கியது, நின்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி பேசினார். மாலை வெயில் இலைகளுக்குள் புகுந்து அவர் முகத்தில் விழுந்தும் மறைந்தும் வந்தது. பஸ் எங்கோ வேறு நாட்டில் ஓடுவதாக எனக்கு இருந்தது. ஆனால் அது எங்கள் பஸ்தான். எங்கள் தரிப்பிடத்தில்தான் நின்றது. நான் அழுதுகொண்டே இறங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

ரொட்டி சுட்டேன். ஒரு துண்டுதான் சாப்பிட முடிந்தது. சம்பலில் காரம் போதாது என்று குறை சொன்னார்.

மூன்று வாரத்தில் போய்விட்டார். அவர் கையால் பிறந்தவர்கள்தான் அவரைத் தோளில் சுமந்தார்கள். வேறு தூக்குவார் தேவைப்படவில்லை. மழையிலும் லயம் லயமாக வந்து நின்ற கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள்.

இன்னும் ஐந்து நாளில் கருமாதி. நேற்றுப் போயா. இதை எழுத உதவும் என்று யாமினி அந்த அட்டைக் கட்டை என்னிடம் தந்திருந்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டே அவிசாவளைக்குப் போனேன். பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை. உட்கார இடத்தோடு முதலில் வந்த தூர பஸ்ஸில் ஏறினேன். மிஸிக்காக ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார், நரைத்த தலை.

"அண்ணே, இந்த பஸ் எங்க போகுது?" என்று தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவர் ஒரு கணம் பார்த்தார். "எம்பிலிபிட்டிய" என்றார். பிறகு யோசித்து யோசித்து, தமிழில், "நீங்க... எங்க?" என்றார்.

"கடைசி வரைக்கும்" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார்.

எகலியகொடையைத் தாண்டிய பிறகு கட்டைப் பிரித்தேன். கடைசி அட்டை நான் பார்க்காதது. சம்பலில் காரம் போதாது என்று சொன்ன அன்று எழுதியிருக்கிறார். எழுத்து நடுங்கியிருக்கிறது. 'பெயர்: சரோஜா. பிறந்த இடம்: தெரணியகலை பஸ். எடை: மிகக் குறைவு. பிறந்ததும் அழுததா: நாற்பது வருடத்துக்கு மேல் பிந்தி அழுதது. குறிப்பு: தாயும் சேயும் நலம்.'

மிஸி, போய் வாருங்கள். இனிமேல் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். வழியெல்லாம் பேசிக்கொண்டே போங்கள்.